பள்ளிக்கு நடை, டப்பாவில் தயிர்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மார்த்தாண்டத்தில் மழையும் கூடவே வந்துவிடும். புதுப் பை, புதுச் செருப்பு, புதுக் குடை என்று வாங்கி முடித்த வீட்டில் அடுத்து எழும் கேள்விகள் இரண்டு. பிள்ளையை எப்படி அனுப்புவது? டப்பாவில் என்ன வைப்பது? இவற்றை நாம் தனித்தனியாகவே யோசிக்கிறோம். முதலாவதற்கு ஆட்டோ, வேன் அல்லது ஸ்கூட்டர். இரண்டாவதற்குப் பிஸ்கட்டோ கடைப் பலகாரமோ. ஆனால் வளரும் பிள்ளையின் எலும்பு இவை இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்கிறது. சுண்ணாம்புச் சத்து என்று நாம் சொல்லும் கால்சியம் உணவிலிருந்து வர வேண்டும். அந்தக் கால்சியத்தை எலும்பில் படியவைக்க, காலில் உடல் எடை விழுகிற நடையும் ஓட்டமும் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொடுத்தால் பலன் பாதிதான்.

ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துவைக்கும் எலும்பு வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அறுபது வயதில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியுமா தாங்குமா என்பதில் ஆறு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையே தின்றதற்கும் ஓடியதற்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தச் சின்ன டப்பாவைப் பற்றியும் அந்தச் சின்ன நடையைப் பற்றியும் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

எவ்வளவு கால்சியம் வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் கால்சியம் தேவை. 7 முதல் 9 வயதுக்கு 650. 10 முதல் 12 வயதுக்கு 850. வளர்ச்சி வேகமெடுக்கும் 13 முதல் 15 வயதில் 1,000.

பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 200 மில்லி டம்ளர் ஒன்றில் ஏறத்தாழ 240. தயிரிலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை காலையில் ஒரு டம்ளர் பாலும் பகலில் ஒரு கிண்ணம் தயிரும் எடுத்தால் தேவையில் பெரும்பகுதி முடிந்தது. மிச்சத்தைக் கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவை பார்த்துக்கொள்ளும். கடற்கரை பக்கத்திலேயே இருப்பது நம் மாவட்டத்துக்குக் கிடைத்த வரம்.

ஆவின் பாக்கெட்டில் எந்த நிறம் வாங்குவது என்று பலர் கேட்பார்கள். நீலத்தில் கொழுப்பு 3 விழுக்காடு, ஆரஞ்சில் 6. கால்சியத்தில் இவற்றுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மெலிந்த பிள்ளைக்குக் கொழுப்பு கூடிய பால் உதவும், எடை கூடுதலான பிள்ளைக்கு நீலமே போதும். வெண்ணெயும் நெய்யும் பாலிலிருந்து வந்தாலும் அவற்றில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். தோசையில் நெய் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ‘பால் பொருள் கொடுத்தாச்சு’ என்று கணக்கு முடிக்க முடியாது.

அளவுக்கு மேலும் போக வேண்டாம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் சின்னப் பிள்ளைக்குச் சோற்றில் பசி குறையும், இரும்புச் சத்தும் குறையும். காலையில் பிள்ளைக்குக் கட்டஞ்சாயா கொடுக்கும் பழக்கமும் இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அந்த டம்ளரில் பாலை ஊற்றுங்கள்.

குன்னூரில் நடந்த சோதனை

பள்ளிப் பிள்ளைக்குப் பால் என்ன செய்யும் என்று முதன்முதலில் கவனமாக அளந்து பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் கோரி மான். ஒரு சிறுவர் இல்லத்தில் வழக்கமான உணவோடு தினமும் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலான பால் கொடுத்தார். வழக்கமான உணவு மட்டும் எடுத்த சிறுவர்கள் ஓராண்டில் 1.84 அங்குலம் வளர்ந்தார்கள். பாலும் சேர்த்துக் குடித்தவர்கள் 2.63 அங்குலம் வளர்ந்தார்கள். அந்த அறிக்கை 1926இல் வெளிவந்தது.

நம் ஊரிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நீலகிரி மாவட்டம் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டு, கிருஷ்ணன் ஆகிய இருவரும், விடுதிகளில் அரிசியை நம்பி வாழ்ந்த பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் உயரமும் எடையும் மற்றவர்களைவிடக் கூடின. 1937இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மேலே சொன்ன 550, 650 என்ற கணக்கைத் தருவதும் அதே நிறுவனம்தான். அரிசிச் சோற்றை மட்டும் நம்பும் பிள்ளைக்குச் சிறிதளவு பால் சேர்ந்தாலும் பெரிய பலன் உண்டு என்பது அன்று குன்னூரில் கண்டது. மரச்சீனியும் அரிசியும் மிகுதியாகத் தின்னும் நம் பகுதிக்கும் இது பொருந்தும்.

பள்ளிச் சாப்பாட்டில் இல்லாதது

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு சோறு போடுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு. சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டையில் நல்ல புரதம் இருக்கிறது, கால்சியம் மிகக் குறைவு. பால் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை.

களியக்காவிளை எல்லையைத் தாண்டிவிட்டால் கேரளப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தின் கீழ் வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு 150 மில்லி பால் கொடுக்கிறார்கள். கர்நாடகத்தில் 2013 ஆகஸ்டிலிருந்து ‘க்ஷீர பாக்கியா’ என்ற பெயரில் பள்ளிப் பால் திட்டம் நடக்கிறது. இங்கே அப்படி இல்லாதவரை, அந்த இடத்தை வீட்டு டப்பாதான் நிரப்ப வேண்டும். பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்ணும் பிள்ளைக்குப் பெரிய டப்பா தேவையில்லை. இன்டர்வெல்லுக்கு ஒரு சிறிய கிண்ணம் தயிர் போதும்.

வெயிலிலும் கெடாத பால்

காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட டப்பா, திறக்கப்படும் வரை பைக்குள் முப்பது டிகிரி வெப்பத்தில் இருக்கும். சூடு குறைந்த பாலில் கிருமி பெருக இரண்டு மணி நேரம் போதும். ஆகவே வெறும் பாலைப் பாட்டிலில் ஊற்றி அனுப்பாதீர்கள். பாலை வீட்டிலேயே குடித்துவிட்டுப் போகட்டும். டப்பாவில் போக வேண்டியது தயிர். தயிரிலுள்ள நல்ல பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகிறது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. பால் குடித்தால் வயிறு உப்பும் பிள்ளைகளில் பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு ஏற்கெனவே குறைந்துவிட்டதுதான்.

இன்டர்வெல் தயிரைப் பிள்ளை தின்னும் டப்பாவிலேயே உறையவையுங்கள். இரவில் பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் வைத்தால் இதமாகச் சுடும் பக்குவத்துக்கு ஆறவிட்டு, கால் டம்ளர் கொள்ளும் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றுங்கள். அரைத் தேக்கரண்டி உறைமோர் விட்டு, அசைக்காமல் அடுப்பு மேடையில் வைத்துவிடுங்கள். விடியும்போது கத்தியால் வெட்டும் அளவு கெட்டிப்பட்டிருக்கும். உடனே ஃபிரிட்ஜில் வைத்து, புறப்படும் நேரத்தில் எடுத்துப் பையில் வையுங்கள். வேறு பாத்திரத்திலிருந்து அள்ளிப் போட்ட தயிர் வழியில் நீர் விட்டுவிடும். டப்பாவிலேயே உறைந்தது பிள்ளை நடந்து போகிற குலுக்கலையும் தாங்கும். முந்தின இரவு ஃப்ரீசரில் வைத்த சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றை டப்பாவை ஒட்டிப் பையில் வைத்தால் தயிர் புளிக்காது. பதினொரு மணிக்குக் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் கிடைக்கும். பாட்டிலை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி உறையவையுங்கள், இல்லையென்றால் வெடிக்கும்.

மதியத்துக்குத் தயிர்ச்சோறு அனுப்புகிறவர்கள் நம் பாட்டிமார் கையாண்ட வழியைப் பின்பற்றலாம். காலை ஏழரைக்கு வெந்த சோற்றைக் குழைத்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலக்க வேண்டும். அது டப்பாவுக்குள்ளேயே மெல்ல உறைந்து பன்னிரண்டரை மணிக்குப் புளிக்காத தயிர்ச்சோறாக இருக்கும். முழுவதும் தயிர் ஊற்றிப் பிசைந்தால் அந்நேரத்துக்குப் புளித்துவிடும், பிள்ளை மூடியைத் திறந்து அப்படியே மூடிவிடும்.

பக்கத்து வீட்டுக் கறவைப் பால் வாங்குகிறவர்கள் அதைப் பொங்கவிட்டுக் காய்ச்சியே ஆக வேண்டும். காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும், விட்டுவிட்டுக் காய்ச்சல் வரவைக்கும் புருசெல்லாக் கிருமியும் இருக்கக்கூடும்.

ஐந்து நாளுக்கு ஐந்து டப்பா

திங்கள்: கெட்டித் தயிர், ஒரு மட்டிப்பழம். நம் மாவட்டத்து மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்தை நறுக்காமல் தோலோடு வையுங்கள், நறுக்கினால் கறுத்துவிடும்.

செவ்வாய்: பனீர்த் துண்டுகள். மஞ்சள்தூள், மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு தூவிக் கல்லில் லேசாகச் சிவக்க வாட்டி, நன்றாக ஆறிய பிறகு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி படிந்து கெட்டுவிடும். ஒரு லிட்டர் பாலைத் திரித்தால் 150 முதல் 200 கிராம் பனீர் கிடைக்கும். பிரிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்: கேழ்வரகு அடை. மாவைத் தண்ணீருக்குப் பதில் தயிரில் பிசைந்து, வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்துச் சுட வேண்டும். மாவிலும் தயிரிலும் கீரையிலும் கால்சியம் உண்டு.

வியாழன்: இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட சம்பாரம், கூடவே சிறுபயறு சுண்டல். சம்பாரத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் கால்சியம் குறைவு, ஆனால் மார்ச், ஏப்ரல் வெயிலில் தாகத்துக்கு இதைவிட நல்ல பானம் இல்லை. பச்சைமிளகாயைப் பிள்ளைகளுக்காக விட்டுவிடலாம்.

வெள்ளி: அவித்த ஏத்தன்பழம். மேலே உதிர்த்த பனீரும் துருவிய கருப்பட்டியும். வாரக் கடைசியில் பிள்ளைக்கு ஓர் இனிப்பு.

பாலே ஆகாத பிள்ளைகளும் உண்டு. பால் பட்டதும் உடம்பு தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அது ஒவ்வாமை. அந்தப் பிள்ளைக்குத் தயிரும் கூடாது, மோரும் கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். எள்ளுருண்டை, கேழ்வரகுப் புட்டு, வறுத்த நெத்திலி ஆகியவை அவர்களுக்கு உதவும்.

கடையில் பால் பெயரில் விற்கும் எல்லாமே பாலின் பலனைத் தருவதில்லை. வாசனை சேர்த்த பாலிலும் பழத்தயிரிலும் சர்க்கரை கூடுதல். சீஸ் துண்டில் கால்சியம் நன்றாக உண்டு, உப்பும் நன்றாக உண்டு, எனவே எப்போதாவது போதும். ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அதிலுள்ள கொழுப்பு தாவர எண்ணெயிலிருந்து வந்தது. பாலில் கலக்கும் மால்ட் பொடிகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. வெறும் பாலே போதுமானது.

நடையில் என்ன கிடைக்கிறது?

5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேர்க்க விறுவிறுக்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டாயக் கல்வி விதிகள் ஐந்தாம் வகுப்புவரையிலான பிள்ளைகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அந்தத் தூரத்தை ஆறு வயதுப் பிள்ளை பதினைந்து இருபது நிமிடத்தில் கடந்துவிடும். போக ஒரு முறை, வர ஒரு முறை. கொஞ்சம் வேகமாக நடந்தால் 60 நிமிடத்தில் பாதி முடிந்தது. மிச்சத்தைச் சாயங்கால ஓட்டமும் குதிப்பும் பார்த்துக்கொள்ளும். எலும்புக்குக் குதிப்பு நடையைவிடவும் நல்லது.

காலை நடையில் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எட்டரை மணி வெயில் சாய்வானது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அதில் குறைவு. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயிலே அதற்கு உகந்தது. எனவே மதிய இடைவேளையில் பிள்ளை சிறிது நேரம் வெளியே விளையாடட்டும். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய அளவிலான ஊட்டச்சத்து ஆய்வில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 18 விழுக்காட்டினருக்கும் 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி குறைபாடு இருந்தது. வைட்டமின் டி இல்லாமல் தின்ற கால்சியம் உடலில் சரியாகச் சேராது.

மார்த்தாண்டத்தில் பத்திரமாக நடக்க

நம் ஊர்ச் சாலைகள் எளிதானவை இல்லை. பம்மத்திலிருந்து குழித்துறைப் பக்கம் போகும் இரும்பு மேம்பாலம் 2018இல் திறந்தபிறகு தூரத்து வண்டிகள் மேலே போகின்றன. கீழே உள்ளூர் பஸ், ஆட்டோ, இருசக்கர வண்டி, சந்தைக்கு வரும் சரக்கு வண்டி எல்லாம் நெருக்கியடிக்கின்றன. பிரதான சாலையை விட்டு இறங்கினால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் இடவழிகள். அங்கே நடைமேடை இல்லை, வளைவுகள் அதிகம்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையால் வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சரியாகக் கணிக்க முடியாது. சுவீடன் உளவியலாளர் ஸ்டீனா சாண்டெல்ஸ் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதை எடுத்துச் சொன்னார். சொல்லிக்கொடுத்தால் மட்டும் வந்துவிடும் திறமை இல்லை இது, வயதோடு வருவது. எனவே அந்த வயதுவரை பெரியவர் ஒருவர் கூட நடக்க வேண்டும்.

நடைமேடை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடங்கள். பிள்ளை உள்பக்கம், நீங்கள் வண்டிப் பக்கம். சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்தால் உதறிக்கொண்டு ஓடும், மணிக்கட்டைப் பிடியுங்கள். மேம்பாலத் தூணின் மறைவிலிருந்தோ நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்தோ சாலையைக் கடக்க வேண்டாம். ஓட்டுநர் கண்ணுக்குப் பிள்ளை தெரியாது. பஸ் போகட்டும், பிறகு கடக்கலாம். ‘மக்களே, வண்டி வருதா பாத்துச் சொல்லு’ என்று ஒவ்வொரு முறையும் பிள்ளையையே கேளுங்கள். முடிவை நீங்கள் எடுங்கள். கேட்கக் கேட்கப் பார்க்கும் பழக்கம் ஊறிவிடும்.

மழைக்காலத்தில் குடையைத் தாழ்த்திப் பிடித்த பிள்ளைக்குச் சாலை தெரியாது. மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறத்தில் மழைக்கோட்டு வாங்கிக் கொடுங்கள். பாசி பிடித்த இடவழிச் சரிவில் வழுக்காத, பின்வார் வைத்த செருப்பு போட வேண்டும்.

நடக்கும் பிள்ளைக்குப் பையின் எடை முக்கியம். 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. அரை லிட்டர் பாட்டில் கொடுத்துப் பள்ளியில் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் தினமும் நடக்க நேரம் இருக்காது. இதற்கு ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் 1990களின் தொடக்கத்தில் ஒரு வழி சொன்னார். ஒரே தெருப் பிள்ளைகள் குறித்த நேரத்தில், குறித்த இடங்களில் சேர்ந்துகொண்டு வரிசையாக நடப்பார்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். ஜப்பானில் பிள்ளைகள் கூட்டமாக நடந்து பள்ளி செல்வது பல ஊர்களில் நெடுநாள் வழக்கம். உண்ணாமலைக்கடையிலோ ஞாறாம்விளையிலோ ஐந்தாறு வீட்டார் சேர்ந்து இதைத் தொடங்கலாம். ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டால் ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும். ஓய்வுபெற்ற தாத்தாவும் பாட்டியும் சேர்ந்துகொண்டால் இன்னும் எளிது, அவர்கள் எலும்புக்கும் அந்த நடை நல்லது.

நாம் செய்வதும் நாம் கேட்பதும்

தயிர் உறையவைப்பதும் கூட நடப்பதும் நம் கையில் இருக்கின்றன. வீடு மட்டும் செய்து முடிக்க முடியாதவையும் உண்டு. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பள்ளி முன்னால் வரிக்குதிரைக் கோடும் வேகத்தடையும் காலையிலும் மாலையிலும் ஒரு காவலரும் வேண்டும் என்று நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் பல பெற்றோர் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். எல்லைக்கு அப்பால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அந்த 150 மில்லி பாலை இங்கேயும் சத்துணவில் சேர்க்க வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மதிய உணவை நாட்டுக்குச் செய்து காட்டிய மாநிலத்தில் இது பெரிய கோரிக்கை இல்லை.